கோர்தா வில்மோஷ் ஆடிய ஞாயிற்றுக்கிழமைகள்

ஹங்கேரியின் சமவெளியில் திசா நதி அவசரமே இல்லாமல் வளைந்து வளைந்து போகிற இடத்தில் திசாரேவ் என்று ஒரு சிற்றூர் இருந்தது. அந்த ஊருக்கு ஒரு சர்க்கரை ஆலை இருந்தது, இலையுதிர் காலம் முழுக்க அந்த ஆலையில் பீட்ரூட் வேகும் வாசனை திரைச்சீலையிலும் ரொட்டியிலும் பெண்களின் தலைமுடியிலும் ஏறி உட்கார்ந்திருக்கும். ஆலைக்கு ஒரு கால்பந்து அணியும், அணிக்கு ஒரு மைதானமும், மைதானத்துக்கு இரண்டு பக்கமும் உட்காரும் இடங்களும் இருந்தன. மேற்கில் தகரக் கூரை போட்ட மேடை. ஊரே அங்கேதான் உட்காரும். கிழக்கில் ஆற்றங்கரை மேட்டை ஒட்டி எட்டு வரிசை மரப் பெஞ்சுகள். பிற்பகல் வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும் என்பதால் அங்கே ஒருவரும் உட்கார்ந்ததில்லை.

1969 செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோர்தா வில்மோஷ் என்ற பத்தொன்பது வயதுக்காரன் நடுக்கள ஆட்டக்காரனாக முதல் முறை அந்த மைதானத்தில் இறங்கினான். கோர்தா குடும்பப் பெயர். அந்த நாட்டில் அதைத்தான் முன்னால் சொல்வார்கள். ஆட்டம் தொடங்கி ஏழாவது நிமிடம் பந்து அவன் காலுக்கு வந்தது. அவன் அதை நிறுத்தி, உடம்பைத் திருப்பி, தலையை நிமிர்த்திப் பார்த்தபோது கிழக்குப் பெஞ்சுகள் நிரம்பியிருந்தன.

அவர்கள் வந்ததை யாரும் பார்க்கவில்லை. ராணுவ மேலங்கி போட்ட ஆண்கள், தலையில் துணி கட்டிய பெண்கள், சிவப்புத் தொப்பியோடு ஒரு ஸ்டேஷன் மாஸ்டர், மடியில் கைக்குழந்தையை வைத்திருந்த ஒருத்தி என்று நானூறு பேருக்குக் குறையாமல் முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்காமல், சத்தமே இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். வெளியூரிலிருந்து வந்த நடுவர், பரவாயில்லையே, நல்ல கூட்டம் என்று நினைத்துக்கொண்டார்.

முதலில் அடையாளம் கண்டவள் எத்தெல்கா நேனி. வயதில் மூத்த பெண்களை அங்கே நேனி என்பார்கள். அவள் வாரநாட்களில் ஆலையில் பீட்ரூட் வண்டிகளை எடை போடுவாள், ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் காகிதக் கூம்பில் சூரியகாந்தி விதை விற்பாள். அன்றைக்குக் கூடையைக் கீழே வைத்துவிட்டு, "ரெஜோ" என்றாள், கூப்பிடுவதுபோல இல்லாமல், பக்கத்தில் இருப்பவருக்குப் பெயர் சொல்வதுபோல. மூன்றாவது வரிசையில் அவள் கணவன் உட்கார்ந்திருந்தான். 1943 பனிக்காலத்தில் ருஷ்யாவில் டான் நதிக்கரையில் பனிக்குள் நடந்து போய்த் திரும்பாதவன். போனபோது இருபத்து நான்கு வயது, இப்போதும் இருபத்து நான்கு. தொப்பிக்கு அடங்காமல் காது இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

அவள் கோல் கம்பத்துக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் நடந்தாள். மூலைக் கொடியைத் தாண்டியதும் பெஞ்சுகள் வெறும் மரமாயின. திரும்பி வந்து இந்தப் பக்கம் நின்று பார்த்தால் எல்லோரும் இருந்தார்கள். அவள் மூன்று தடவை போய் வந்தாள். பிறகு கூடையை எடுத்துக்கொண்டு மேற்கு மேடையில் நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள், அன்றைக்கு விதை விற்கவில்லை. எழுபத்தோராவது நிமிடம் வில்மோஷுக்குக் கெண்டைக்காலில் சதை பிடித்துக்கொண்டு அவனை வெளியே தூக்கி வந்தார்கள். அவன் வெள்ளைக் கோட்டைத் தாண்டிய அந்தக் கணமே கிழக்கே யாரும் இல்லை. அப்படித்தான் ஊருக்குத் தெரிந்தது, அவர்கள் அவன் ஆடும்போது மட்டும் வருவார்கள் என்று.

ஏன் அவன், ஏன் அந்த மைதானம் என்று பெரிதாக யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டு நேரத்தை வீணாக்குவதைவிட ஞாயிற்றுக்கிழமைக்குத் தயாராவது முக்கியமாக இருந்தது. முடிதிருத்துபவர் ஞாயிறு காலையில் கடை திறக்க ஆரம்பித்தார். பெண்கள் பழைய பெட்டிகளைத் திறந்து, எதிரே இருப்பவர்களுக்குத் தெரிந்த உடுப்பாக, இருபத்தைந்து வருடத்துக்கு முந்தைய தையலாகத் தேடி எடுத்து இடுப்பில் பிரித்துத் தைத்துப் போட்டுக்கொண்டு வந்தார்கள். பிறந்த குழந்தைகளைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார்கள். மறுமணம் செய்துகொண்டவர்கள் முதலில் வரத் தயங்கினார்கள், பிறகு இரண்டாவது கணவர்களையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அந்த இரண்டாவது கணவர்கள் தொப்பியைக் கழற்றி எதிர்ப்பக்கம் மரியாதையாகத் தலையசைத்தார்கள். மேல்வரிசையை மறைத்த பாப்லர் மரக் கிளைகளைக் கிளப் ஆட்களே வெட்டினார்கள்.

அந்த மேல்வரிசையில் கடிகாரம் பழுது பார்க்கும் வைனரும் அவர் மனைவியும் மூன்று பெண்களும் இருந்தார்கள். யூதர்கள், 1944இல் அவர்களைச் சரக்கு ரயிலில் ஏற்றியபோது ஊர் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தது. வைனரின் வீட்டில் இப்போது குடியிருந்த ஆலைக் குமாஸ்தா முதல் நாள் அவர்களைப் பார்த்துவிட்டு ஒரு மாதம் மைதானத்துப் பக்கமே வரவில்லை. அப்புறம் ஒரு ஞாயிறு, அந்த வீட்டுச் சுவரில் இருந்த பெரிய பெண்டுலக் கடிகாரத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து, சாவி கொடுத்து, முகப்பு கிழக்கே தெரியும்படி மேற்கு மேடையில் நிறுத்திவிட்டு அதன் பக்கத்தில் நின்றார். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அப்படியே செய்தார். வைனர் கடிகாரத்தைப் பார்த்தார். குமாஸ்தாவைப் பார்த்தாரா என்று சொல்ல முடியவில்லை. அந்த ஞாயிறுகளில் மேற்கு மேடையில் பேச்சு கொஞ்சம் குறைவாகவே இருந்தது.

ஊரின் கட்சிச் செயலாளர் தோழர் கெலெமென் மாவட்டத் தலைமைக்கு அறிக்கை எழுதினார். கிழக்குப் பெஞ்சுகளில் நுழைவுச் சீட்டு இல்லாமல் சுமார் நானூறு பேர் அமர்கிறார்கள், ஆட்டம் முடிந்ததும் இருப்பதில்லை என்று எழுதினார். கோஷம் போடுகிறார்களா என்று பதில் வந்தது. இல்லை என்று எழுதினார். அப்படியானால் பெஞ்சுகளின் ஆணிகளைச் சரிபார்க்கவும் என்று அடுத்த பதில் வந்தது. அந்த வசந்தத்தில் தோழர் கெலெமெனின் மனைவி காய்ச்சலில் இறந்தாள். இரண்டாவது வாரம் அவள் ஐந்தாவது வரிசையில், மருத்துவமனைச் சட்டையில் இல்லாமல், அவளுக்குப் பிடித்த நீலக் கம்பளிச் சட்டையில் உட்கார்ந்திருந்தாள். அதற்குப் பிறகு அவர் அறிக்கை எழுதவில்லை.

இன்னொரு ஞாயிறு ரொட்டிக்கடை யூதித், கனடாவில் நல்ல வேலையில் இருந்த தன் மகனைக் கிழக்கே பார்த்தாள். பார்த்தவள் சந்தோஷமாகக் கையை ஆட்டினாள். சத்தம் போட்டு எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினாள். மூன்று வாரம் கழித்துக் கனடாவிலிருந்து கடிதம் வந்தது. அன்றிலிருந்து, கிழக்கே தெரிந்தால் ஆள் உயிரோடு இல்லை என்பதில் ஊரில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

அந்தக் கடிதம் வந்த நாளிலிருந்துதான் வில்மோஷ் ஆடும்போது தலையைத் திருப்பிக்கொண்டே இருக்க ஆரம்பித்தான். அவனுடைய அப்பா கோர்தா யெனோ ஆலையில் ஃபிட்டராக இருந்தவர். 1956 நவம்பரில், ருஷ்யப் படை வந்து புரட்சியை நசுக்கியபோது ஊர் இளைஞர்கள் மூன்று பேர் சுடப்பட்டதற்கு மறுநாள், மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு எல்லைப் பக்கம் நடந்து போனார். அப்போது வில்மோஷுக்கு ஆறு வயது. அடுத்த வருடம் பெல்ஜியத்தின் ஒரு நிலக்கரிச் சுரங்க ஊரிலிருந்து ஒரு தபால் அட்டை வந்தது, "உடம்பு நலம், குளிர் அதிகம்" என்று. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. இப்போது வில்மோஷ் பந்து வருவதற்கு முன்பு ஒரு தடவை, வந்த பிறகு ஒரு தடவை, கொடுத்த பிறகு ஒரு தடவை கிழக்கே பார்த்து, எட்டு வரிசையையும் கண்ணால் ஓட்டி, அந்த முகம் இல்லை என்று உறுதிப்படுத்திக்கொள்வான். அப்படித் தேடித் தேடி, மைதானத்தில் யார் எங்கே நிற்கிறார்கள், எந்த இடம் காலி, யார் எந்தப் பக்கம் ஓடத் துடிக்கிறார்கள் என்று எல்லாம் அவன் கண்ணில் தானாக விழ ஆரம்பித்தது. தலைநகரத்துப் பத்திரிகைகள் அவனைப் பற்றி, இந்த ஆட்டக்காரனுக்கு முதுகிலும் கண் இருக்கிறது என்று எழுதின.

அவன் அம்மா ரொசாலியா ஒரு ஆட்டத்துக்கும் வந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை அவன் பூட்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு சமையலறைக்குள் வரும்போது அடுப்புப் பக்கம் திரும்பியபடியே கேட்பாள்.

"இன்னைக்கும் வரலியா?"

"வரலைம்மா."

"நல்லது," என்பாள். பிறகுதான் சூப்பை ஊற்றுவாள்.

யெனோ அங்கே இல்லாத வரைக்கும் எங்கோ இருக்கிறார். எங்கோ இருக்கிற வரைக்கும் அவள் விதவை இல்லை. பதினோரு வருடம் அவர்கள் இருவரும் பேசிக்கொண்டதில் பாதி அந்த மூன்று வரிதான்.

இருபத்திரண்டு வயதில் புடாபெஸ்டின் பெரிய கிளப் ஒன்று அவனை அழைத்துக்கொண்டது. இரண்டு பருவம் அங்கே ஆடினான். ஒரே ஒரு முறை தேசிய அணியின் சட்டையைப் போட்டு, ஒரு நட்பு ஆட்டத்தில் இரண்டாம் பாதி முழுக்க ஆடினான். ஆனால் புடாபெஸ்டில் எந்தப் பெஞ்சும் அவனுக்காக நிரம்பவில்லை. அங்கே சத்தம் போடும் உயிருள்ள ஜனங்கள் மட்டும்தான். தேட ஆள் இல்லாததால் அவன் தலை திரும்புவதை மறந்தது, பின்னாலிருந்து வந்த ஒரு காலை அவன் பார்க்கவில்லை, முழங்கால் போனது. திசாரேவில் அந்த இரண்டு வருடமும் ஜனங்கள் ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல நல்ல உடுப்போடு வந்து, எதிரே வெறும் பெஞ்சுகளைத் தொண்ணூறு நிமிடம் பார்த்துவிட்டுப் போனார்கள். முழங்கால் ஆறியதும் அவன் திரும்பி வந்து ஆலை அணியிலேயே சேர்ந்தான். அவன் ரயிலில் இறங்கியபோது ஊரே ஸ்டேஷனுக்கு வந்திருந்தது. எத்தெல்கா நேனி அவன் முழங்காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஓடுமா?" என்று மட்டும் கேட்டாள்.

"ஓடும், நேனி."

ஓடியது. இன்னும் ஆறு வருடம் ஓடியது.

1980 கோடையில் ரொசாலியா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் கொடிக் கயிற்றைப் பிடித்தபடியே சரிந்து இறந்தாள். அடக்கம் முடிந்த அடுத்த ஞாயிறு ஆட்டம் இருந்தது. வேண்டாம், ஓய்வெடு என்று எல்லோரும் சொன்னார்கள். அவன் கேட்கவில்லை. எதிரணியின் பந்தைப் பறித்துத் திரும்பியபோது அவள் இரண்டாவது வரிசையில் இருந்தாள், சமையலறை ஏப்ரனோடு. மற்றவர்கள் எல்லோரும் மேற்கே தங்கள் ஆட்களைப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் மட்டும் கழுத்தை நீட்டி, தன் வரிசையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும், பிறகு எழுந்து நின்று மேல்வரிசைகளை ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டிருந்தாள். தேடி முடித்ததும் உட்கார்ந்து மடியில் கையைக் கோத்துக்கொண்டாள். அவர் எங்கே என்று அவளுக்கு அந்தப் பக்கமும் தெரியவில்லை.

வில்மோஷ் பந்தின் மேல் காலை வைத்தபடி நின்றுவிட்டான். எதிரணிக்காரன் ஒருவன் வந்து பந்தை எடுத்துக்கொண்டு போய் கோல் போட்டான். மேற்கு மேடையில் ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை.

முப்பது தாண்டிய ஆட்டக்காரர்கள் வெளிநாட்டில் போய் ஆட அந்தக் காலத்தில் அரசாங்கம் அனுமதி கொடுக்க ஆரம்பித்திருந்தது. பெல்ஜியத்தில் இரண்டாம் பிரிவு அணி ஒன்று அவனைக் கேட்டு எழுதியது. அவன் கடிதத்தைச் சட்டைப் பைக்குள் ஒரு மாதம் வைத்திருந்தான். அவன் போனால் நானூறு பேரும் போவார்கள். அது ஊருக்கே தெரியும், கடிதம் வந்ததும் தெரியும். யாரும் அவனிடம் எதுவும் கேட்காமல் அவன் போகும் தெருவில் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். கடைசியில் எத்தெல்கா நேனிதான் எடைமேடையில் அவனைப் பிடித்து நிறுத்தினாள்.

"எப்பக் கிளம்புற?"

"கிளம்பறதா வேண்டாமான்னே தெரியல, நேனி. நீங்க எல்லாரும்..."

"நாங்க எல்லாரும் என்ன? எனக்கு அறுபது வயசாச்சு. அவனுக்கு இருபத்து நாலு. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் கண்ணாடி முன்னாடி ஒரு மணி நேரம் நிக்கிறேன், அவன் என்னை அடையாளம் கண்டுக்கணுமேன்னு. கண்டுக்கிறான், பாவம். ஆனா எனக்கு என் பேரன் மாதிரி ஒருத்தனைப் பார்த்து வெட்கப்பட்டுக்கிட்டே இருக்க முடியல." அவள் தராசின் இரும்புக் கையைத் தேவையில்லாமல் துடைத்தாள். "பன்னிரண்டு வருஷம் பார்த்தாச்சு. சண்டைக்குப் போன அன்னைக்குச் சரியாக்கூடப் பார்க்கல. இது போதும். உங்கம்மாவைப் பாரு, அவ இன்னும் தேடிக்கிட்டிருக்கா. போய் அந்த மனுஷனைக் கண்டுபிடி."

அவன் கிளம்புவதற்கு முந்தைய ஆட்டத்துக்கு, படுக்கையில் கிடந்தவர்களைக்கூட நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். குமாஸ்தா கடிகாரத்தை மெழுகு போட்டுத் துடைத்துக் கொண்டுவந்தார். அழுகை ஒன்றும் பெரிதாக இல்லை. ரயிலடியில் வழியனுப்புகிறவர்கள் மாதிரி, கைக்குட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, மறக்காமல் சொல்ல வேண்டியதை எல்லாம் வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பெல்ஜியத்தில் வில்மோஷ் சனிக்கிழமைகளில் மழையில் ஆடினான். வாரநாட்களில் ஓய்வு கிடைத்தால் பேருந்து பிடித்துச் சுரங்க ஊர்களுக்குப் போய், தேவாலயத்திலும் தொழிற்சங்க அலுவலகத்திலும் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டான். இரண்டு வருடம் ஒருவருக்கும் தெரியவில்லை. மூன்றாவது பருவத்தில், நவம்பரில், ஆட்டம் முடிந்து வீரர்கள் வெளியே வரும் வாசலில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நனைந்தபடி ஒரு கிழவர் நின்றிருந்தார். இரண்டு மூச்சுக்கு ஒரு தடவை இருமினார்.

"உள்ளூர்ப் பேப்பர்ல பேர் போட்டிருந்தான்," என்றார் ஹங்கேரிய மொழியில், ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்து. "கோர்தான்னு. ரெண்டு வருஷமா வந்துக்கிட்டுத்தான் இருக்கேன். இந்த வாசல் வரைக்கும் இன்னைக்குத்தான் நடக்க முடிஞ்சது."

வில்மோஷ் அவர் கையிலிருந்த நனைந்த தொப்பியை வாங்கிக்கொண்டான். "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டான்.

இருவரும் ரயிலடிக்கு எதிரே ஒரு கடையில் உட்கார்ந்து சூப் குடித்தார்கள். யெனோவுக்கு இங்கே கிஸ்லேன் என்று ஒரு மனைவி இருந்தாள், திருமணமான ஒரு பெண் இருந்தாள், சுரங்கத் தூசு நுரையீரலில் பாதியை எடுத்துக்கொண்டிருந்தது. அந்த ஒரு தபால் அட்டைக்குப் பிறகு இரண்டு வருடம் பயத்தால் எழுதவில்லை, பிறகு வெட்கத்தால் எழுதவில்லை, பிறகு எழுத எதுவும் இல்லை என்றார். வில்மோஷ் கிழக்குப் பெஞ்சுகளைப் பற்றிச் சொன்னான். யெனோ ஆச்சரியப்படவில்லை. யார் யார் வருகிறார்கள் என்று கேட்டார். அவன் வரிசை வரிசையாகச் சொல்ல, சுடப்பட்ட மூன்று பேரின் பெயர் வந்தபோது கரண்டியைக் கீழே வைத்தார்.

"ரொசாலியா?"

"ரெண்டாவது வரிசை. உங்களைத்தான் தேடறா."

யெனோ சூப் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். "நான் சாகற வரைக்கும் அவ தேடிக்கிட்டே இருக்கணுமா?" என்றார்.

அந்தக் கேள்விக்குப் பதிலாகப் பயணம் கிளம்ப இன்னும் நான்கு வருடம் ஆயிற்று. பாஸ்போர்ட், மருத்துவமனை, தைரியம் என்று ஒவ்வொன்றாகக் கூட வேண்டியிருந்தது. கடைசியில் கிஸ்லேன்தான் பெட்டியைக் கட்டி வாசலில் வைத்து, போய் வா என்றாள். 1987 மே மாதம், முப்பத்தேழு வயதாகித் தலைமுடி பாதி நரைத்த கோர்தா வில்மோஷ், தன் கடைசி ஆட்டத்தைத் திசாரேவில் ஆடுவதற்காக அப்பாவைக் கூட்டிக்கொண்டு ரயிலில் வந்து இறங்கினான்.

ஊர் அவரை ஒன்றும் கேட்கவில்லை. எத்தெல்கா நேனி மேற்கு மேடையில் தன் பக்கத்தில் இடம் ஒதுக்கி, இருமினால் குடிக்கத் தண்ணீரும் வைத்திருந்தாள். ஆட்டம் தொடங்கியதுமே பந்து வில்மோஷின் காலுக்கு வந்தது. கிழக்கே எல்லோரும் வந்தார்கள். ஆறு வருடத்தில் சில பேர் மேற்கிலிருந்து கிழக்குக்குப் போயிருந்தார்கள், தோழர் கெலெமெனும் அவர்களில் ஒருவர், நீலக் கம்பளிச் சட்டைக்காரியின் பக்கத்தில். ரொசாலியா இரண்டாவது வரிசையில், வழக்கம்போல மேல்வரிசைகளின் பக்கம் திரும்பியிருந்தாள். யெனோ எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினார். அவள் திரும்பினாள். மைதானத்தின் அகலம் முழுவதையும் தாண்டி அவரைப் பார்த்தாள். நரைத்த தலையை, கூன் விழுந்த முதுகை, அந்நிய ஊர்க் கோட்டை எல்லாம் நிதானமாகப் பார்த்து முடித்துவிட்டு, தலையை ஒரு தடவை அசைத்தாள். அடுப்பின் முன் நின்று "நல்லது" என்று சொல்லும்போது அசைப்பாளே, அதே மாதிரி. அப்புறம் முந்தைய பன்னிரண்டு வருடத்தில் யாரும் செய்யாத ஒன்றை அவள் செய்தாள். ஆட்டத்தைப் பார்க்க ஆரம்பித்தாள்.

கடைசி விசிலுக்குச் சற்று முன்பு இரண்டு பக்கமும் எல்லோரும் எழுந்து நின்றார்கள். நடுவர் ஊதினார். வில்மோஷ் உடனே வெளியே வராமல் பூட்ஸின் கயிற்றை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக மைதானத்தின் நடு வட்டத்துக்குள் குனிந்தே இருந்தான், முடிந்தவரைக்கும். பிறகு நடந்து வந்து கோட்டைத் தாண்டினான். கிழக்குப் பெஞ்சுகளில் மாலை வெயில் மட்டும் இருந்தது.

ஜனங்கள் கலையும்போது அவன் அப்பாவோடு ஆற்றங்கரை மேட்டில் வீட்டுப் பக்கம் நடந்தான். கிழவருக்கு மூச்சு வாங்கியதால் அடிக்கடி நின்றார்கள்.

"அம்மா கிட்ட என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல. அவ பார்த்த பார்வைக்கு அப்புறம் எனக்கு அந்தப் பக்கம் பார்க்கத் தைரியம் வரல. உன்னைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன்." நின்று மூச்சை இழுத்துக்கொண்டார். "ரெண்டாம் பாதியில, பத்து நிமிஷம் இருக்கும், வலது ஓரத்துல அந்தச் சிவப்பு முடிக்காரன் ஓட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே நீ பந்தைப் போட்டுட்ட. அவனுக்கே தெரியாது தான் ஓடப் போறோம்னு. பந்து ரெண்டு பேர் காலுக்கு நடுவுல போய், அவன் முன்னாடி ஒரு தடவை துள்ளி, அவனுக்காகக் காத்துக்கிட்டு நின்னுது."

வில்மோஷ் அவர் முகத்தைப் பார்த்தான். அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளிலும் மேற்கு மேடையிலிருந்த யாரும், ஆட்டம் முடிந்த பிறகு, அவனிடம் ஒரு பாஸைப் பற்றிப் பேசியதில்லை. யார் வந்திருந்தார்கள், யார் எப்படி இருந்தார்கள் என்றுதான் பேசுவார்கள். எத்தனை கோல் என்றுகூடப் பல பேருக்குத் தெரியாது.

"அதுக்கு முன்னாடி ஒண்ணு," என்று யெனோ மறுபடி நடந்தபடி சொன்னார், "முதல் பாதியில, இடது காலால..."

"மெதுவா வாங்க அப்பா," என்றான் வில்மோஷ், அவர் கையைப் பிடித்துக்கொண்டு. "மெதுவாச் சொல்லுங்க. எல்லாத்தையும் சொல்லுங்க."